அத்தியாயம் 6: பழைய சமையலறை அலமாரியில் பூச்சி புகும் சந்துகள்

வேலையைத் தொடங்க வேண்டிய இடம் சிங்க்குக்குக் கீழே இருக்கிறது. அந்தக் கதவைத் திறந்து, உள்ளே அடைத்து வைத்திருக்கும் சோப்பு, பழைய துணி, பிளாஸ்டிக் கவர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். சிங்க்கிலிருந்து இறங்கும் வேஸ்ட் பைப், தரையிலோ சுவரிலோ இருக்கும் பெரிய பி.வி.சி. குழாயின் வாய்க்குள் சும்மா செருகப்பட்டிருக்கும். உள்ளே போவது ஒன்றேகால் அங்குலக் குழாய். அதை வாங்கிக்கொள்ளும் வாய் இரண்டு அங்குலம், சில வீடுகளில் மூன்று அங்குலம். சுற்றிலும் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. பெங்களூரின் பழைய வீடுகளிலும் எண்பதுகளில், தொண்ணூறுகளில் கட்டிய அடுக்ககங்களிலும் இதைப் பார்க்காத பிளம்பர் இருக்கமாட்டார். சாக்கடைக் கரப்பான் அலமாரிக்குள் வர வேறு வழி தேடவே வேண்டாம்.

இந்த ஓர் இடைவெளியை மட்டும் இன்றைக்கே அடைத்துவிடலாம். ஹார்டுவேர் கடையில் வேஸ்ட் பைப் ரப்பர் என்று கேட்டால், உள்குழாயைக் கவ்விப் பிடித்து வெளிக்குழாயின் வாயை மூடும் ரப்பர் வளையம் தருவார்கள். இரண்டு குழாய்களின் அளவையும் குறித்துக்கொண்டு போங்கள். பழைய துண்டு ஒன்று இருந்தால் அதையே எடுத்துப் போவது இன்னும் நல்லது. துணியைச் சுற்றித் திணிப்பது, பாலிதீன் கவரை முறுக்கிச் செருகுவது எல்லாம் பயன் தராது. ஈரத்துணி நாலு நாளில் நாறும். அதுவே பூச்சிக்கு மறைவிடமும் ஆகிவிடும்.

மற்ற சந்துகளுக்கு இவ்வளவு அவசரம் கூடாது. யாரை எதிர்த்து அடைக்கிறோம் என்று தெரிந்துகொண்டு, ஒரு வரிசையோடு செய்ய வேண்டிய வேலை அது.

யார் எங்கே இருக்கிறார்கள்

நம் சமையலறைகளில் பெரும்பாலும் இரண்டு வகைக் கரப்பான்கள். ஒன்று பெரியது, செம்பழுப்பு நிறம், ஏறக்குறைய நாலு செ.மீ. நீளம். அமெரிக்கக் கரப்பான் என்று அதற்குப் பெயர். சாக்கடையிலும் ஆள்நுழைக் குழிகளிலும் வாழ்ந்து, இரவில் குழாய் வழியே மேலேறி வருவது. இன்னொன்று சிறியது, வெளிர் பழுப்பு, ஒன்றரை செ.மீ. நீளம், தலைக்குப் பின்னால் இணையாக இரண்டு கருங்கோடுகள். இது ஜெர்மன் கரப்பான். இது வெளியிலிருந்து வந்து போகும் விருந்தாளி அல்ல. அலமாரியின் இடுக்கிலேயே பிறந்து அங்கேயே பெருகுவது. பெண் பூச்சி முட்டைக்கூட்டை வயிற்று நுனியில் சுமந்தபடியே திரியும். ஒரு கூட்டில் 30 முதல் 40 முட்டைகள். பொரியப் போகும் நேரத்தில்தான் அதைக் கீழே விடும். இரண்டு மூன்று மாதத்தில் அந்தக் குஞ்சுகளும் முட்டையிடத் தயாராகிவிடும்.

உயிரியல் அறிஞர் லின்னேயஸ் 1767-இல் இதற்கு ஜெர்மனியின் பெயரை வைத்தார். ஆனால் 17 நாடுகளிலிருந்து எடுத்த 281 பூச்சிகளின் மரபணுவை ஒப்பிட்டு 2024-இல் வெளியான ஆய்வு, இது சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலோ மியான்மரிலோ ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்து உருவானது என்கிறது. மனிதர் வீட்டோடு ஒண்டிக்கொண்டே உலகம் சுற்றிய பூச்சி. காட்டில் இதற்கு வாழ்வு இல்லை. ஆகவே விரட்டிவிட்டால் தோட்டத்துக்குப் போய்விடும் என்று எண்ணாதீர்கள். பக்கத்து வீட்டுச் சமையலறைக்குப் போகும், அங்கே மருந்தடித்தால் திரும்பி வரும்.

நம் ஊர்ப் பருவமும் இதற்குச் சாதகம். வட இந்தியக் குளிரில் பூச்சியின் வேகம் குறையும். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருந்தாலும் பெங்களூரில் சனவரி இரவுகூடப் பெரும்பாலும் 15 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. அதுவும் அடுப்பும் ஃப்ரிட்ஜும் இருக்கும் அறைக்குள் அந்தக் குளிர் எட்டுவதே இல்லை. ஆண்டு முழுவதும் இனப்பெருக்கம் நடக்கிறது.

கரப்பானுக்குப் பிடித்த இடம் முதுகும் வயிறும் ஒருசேர உரசும் இடுக்கு. வளர்ந்த ஜெர்மன் கரப்பான் 5 மி.மீ. அளவுள்ள சந்துகளில் கூட்டமாகத் தங்கும். குஞ்சுகளுக்கு ஒரு மில்லிமீட்டரே போதும். பெரிய கரப்பானையும் உருவத்தை வைத்துக் கணக்குப் போடக்கூடாது: கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கௌஷிக் ஜெயராமும் ராபர்ட் ஃபுல்லும் செய்து 2016-இல் வெளியிட்ட சோதனையில், அமெரிக்கக் கரப்பான் தன் உடலை நசுக்கிக்கொண்டு 3 மி.மீ. சந்துக்குள் புகுந்து போனது.

இந்த அளவுகளைப் பார்க்க ஸ்கேல் தேவையில்லை. ஏ.டி.எம். கார்டின் தடிமன் 0.76 மி.மீ. காலாவதியான இரண்டு கார்டுகளைச் சேர்த்துப் பிடித்து அலமாரியின் மூட்டுகளில் செருகிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து நுழைகிற ஒவ்வோர் இடமும் அடைக்க வேண்டிய இடம். சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டே போங்கள்.

மருந்து மட்டும் ஏன் போதாது

ஸ்பிரே அடித்தால் நாலு பூச்சி மல்லாந்து விழும், மனம் நிறைந்துவிடும். இடுக்கின் ஆழத்தில் இருக்கும் மீதிக்கு அது எட்டுவதில்லை. எட்டினாலும் தலைமுறைக்குத் தலைமுறை பூச்சிக்குத் தாங்கும் சக்தி கூடுகிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தலைமுறையில் எதிர்ப்புச் சக்தி நாலு முதல் ஆறு மடங்கு வரை ஏறியது. இதுவரை படாத மருந்தையும் சேர்த்தே தாங்கியது. நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளில் வேறு வழியைச் சோதித்தார்கள்: சுத்தம் செய்வது, சந்துகளை அடைப்பது, குறைந்த அளவு ஜெல்லும் போரிக் பொடியும் வைப்பது. 2009-இல் வெளியான முடிவு, வழக்கமாக மருந்து அடித்த வீடுகளைவிட இந்த வீடுகளில் கரப்பான் வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது. கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் குழந்தைகளின் ஆஸ்துமாவைத் தூண்டுபவை என்பதால் இது அருவருப்போடு முடிகிற விஷயமும் இல்லை.

ஒளிய இடம் தராமல் தடுக்கும் இந்த எண்ணம் பெங்களூருக்குப் புதிது அல்ல. 1898 ஆகஸ்டில் பிளேக் இந்த ஊருக்குள் நுழைந்த பிறகு, நெருக்கடியான பேட்டைகளிலிருந்து மக்களை வெளியே கொண்டுவர மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வளர்ந்தன. கண்டோன்மெண்ட் பக்கம் 1910 வாக்கில் எழுந்த ஃப்ரேசர் டவுன், எலி ஒளிய இடமில்லாதபடி வீடு கட்ட வேண்டும் என்ற நோக்கத்தோடே திட்டமிடப்பட்டது. அதைப் பற்றிப் பொறியாளர் ஜே.எச். ஸ்டீஃபன்ஸ் 1914-இல் ஒரு நூலே எழுதினார். ஸ்டீஃபன்ஸ் ரோடு அவர் பெயரைத் தாங்கி இன்றும் அங்கே இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட அந்த வீடுகளில் பலவற்றைப் பிறகு வந்த குழாயும் ஒயரும் மாடுலர் கிச்சனும் துளைத்துத் துளைத்துச் சல்லடை ஆக்கிவிட்டன. ஒவ்வொரு துளையையும் போட்டவர் தன் வேலை முடிந்ததும் போய்விட்டார். மூடும் வேலை நம்முடையது.

முதலில் காய வைப்பது, பிறகு இரை, கடைசியில் அடைப்பு

இந்த வரிசையை மாற்றாதீர்கள். பூச்சி உள்ளே இருக்கும்போதே சந்தை மூடினால் அது மறுபக்கத்தில் வழி தேடும். சுவர் வழியாகப் படுக்கையறைக்கோ மேல்வீட்டுக்கோ போகும்.

ஜெர்மன் கரப்பான் சாப்பாடு இல்லாமல் வாரக்கணக்கில் தாங்கும். தண்ணீர் இல்லாமல் அவ்வளவு தாங்காது. அதனால் சொட்டும் குழாய், வியர்க்கும் வேஸ்ட் பைப், சிங்க் ஓரத்திலிருந்து கசியும் தண்ணீர் ஆகியவற்றை முதலில் சரி செய்யுங்கள். இரவு படுக்கும் முன் சிங்க்கைத் துடைத்துக் காய விடுங்கள். ஈர ஸ்பாஞ்ஜை சிங்க்கிலேயே விடாதீர்கள். தண்ணீர் வராத நாளுக்கென்று நிரப்பி வைக்கும் டிரம்முக்கு அடியில் தேங்கும் ஈரத்தையும் மறக்க வேண்டாம்.

பிறகு அலமாரியை முழுக்கக் காலி செய்யுங்கள். இடுக்குகளில் மிளகுத்தூள் தூவியது போன்ற கரும்புள்ளிகள் தெரிந்தால் அதுதான் எச்சம். அதன் வாசனையே மற்ற கரப்பான்களை அங்கே அழைக்கிறது என்பதால் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, சோப்புத் தண்ணீரால் அழுத்தித் துடைத்து எடுக்க வேண்டும். தூசியைக் கிளறும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அவர் அன்று வேறு இடத்தில் இருக்கட்டும்.

அடுத்து ஜெல். ஃபிப்ரோனில் அல்லது இமிடாக்ளோப்ரிட் கலந்த ஜெல், சிரிஞ்சில் கிடைக்கும். எச்சப் புள்ளிகள் இருந்த இடங்களுக்குப் பக்கத்தில், கீல்களின் பின்புறம், டிராயர் சேனலின் மூலை என்று துவரம் பருப்பு அளவில் பல புள்ளிகளாக வைக்க வேண்டும். ஒரே இடத்தில் பெரிதாகப் பிதுக்குவதால் பயன் இல்லை. ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடித்துவிடாதீர்கள். அந்த வாசனைக்குப் பயந்து பூச்சி இரையைத் தொடாது. குழந்தையும் நாய் பூனையும் எட்டாத இடம்தான் ஜெல்லுக்குரிய இடம். பாத்திரமும் மளிகையும் படும் பலகையில் வைக்கவே கூடாது. இரண்டு மூன்று வாரம் விட்டு, ஒட்டும் அட்டைப் பொறியை இரவில் வைத்துப் பாருங்கள். விழுவது வெகுவாகக் குறைந்த பிறகு சிலிக்கான் கன்னைக் கையில் எடுக்கலாம்.

பெங்களூரில் இந்த அடைப்பு வேலைக்கு ஏற்ற காலம் பிப்ரவரி, மார்ச். மழை கிட்டத்தட்டக் கிடையாது. மரம் வற்றிச் சுருங்கிச் சந்துகள் முழு அகலத்தில் தெரியும். அப்போது நெகிழும் பொருளால் அடைத்தால், மழைக்காலத்தில் மரம் ஊதும்போது அது அமுங்கிக் கொடுக்கும். செப்டம்பர், அக்டோபர் மழையில் ஊதி நெருங்கிய மூட்டைப் பார்த்துச் சந்து இல்லை என்று முடிவு செய்தால் கோடையில் மீண்டும் வாய் திறக்கும்.

கடப்பாக் கல், அலுமினியம், பலகை

பழைய பெங்களூர் வீடுகளில் மேடையைத் தாங்குவது கடப்பாக் கல் நிறுத்தங்கள். அவற்றின் மேல் கிடையாக ஒரு பலகைக் கல், அதன் மேல் கிரானைட், முன்னால் மரக்கதவோ அலுமினியக் கதவோ. இந்த அமைப்பில் கண்ணுக்குத் தெரியும் மேல்பக்கத்தை மேஸ்திரி அழகாகப் பூசியிருப்பார். கல் சுவருக்குள் ஏறும் இடத்தின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்: கல்லைச் செருகச் சுவரில் வெட்டிய காடி பாதி நிரப்பாமல் கிடக்கும். குனிந்து, தலையை அலமாரிக்குள் விட்டு மேலே பார்த்தால்தான் தெரியும் இடம் இது. கைப்பேசிக் கேமராவை உள்ளே நீட்டிப் படம் எடுப்பது எளிது. சமையலறையில் மிகப் பெரிய கரப்பான் கூட்டம் பெரும்பாலும் இங்கேதான், அல்லது கிரானைட்டுக்கும் கடப்பாவுக்கும் நடுவே முன்விளிம்பில் இருக்கும் வெடிப்பில்தான்.

காடிக்கு சிலிக்கான் வேண்டாம். அவ்வளவு பெரிய குழிக்கு அது தங்காது. உதிரும் மண்ணையும் பழைய சுண்ணாம்பையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, தண்ணீர் தெளித்து நனைத்து, சிமெண்டும் மணலும் கலந்து கரண்டியால் திணித்து நிரப்புங்கள். இரண்டு மூன்று நாள் லேசாக ஈரம் காட்டி, பிறகு நன்றாகக் காய விடுங்கள். சிமெண்ட் காயும்போது கல்லோடு சேரும் ஓரத்தில் முடியளவு விரிசல் விடும். அந்த விரிசலுக்குத்தான் சிலிக்கான். மல்லேஸ்வரம், பசவனகுடிப் பக்கத்துச் சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் சுவரே பொடியாக உதிரும். அந்தப் பொடியின் மேல் எந்தப் பசையும் ஒட்டாது. பொடியைத் தட்டி எடுத்து, பிரைமர் ஒரு கை அடித்த பிறகு மற்றதைச் செய்யுங்கள்.

முன்விளிம்பில், இரண்டு கற்களுக்கு நடுவே உள்ள மெல்லிய வெடிப்புக்கு நியூட்ரல் சிலிக்கான் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் சாதாரணமாக எடுத்துத் தருவது வினிகர் போலப் புளிச்ச வாசனை வரும் அசிடிக் வகை. கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் அது சரி. மார்பிள், சிமெண்ட், உலோகம் ஆகியவற்றை அதிலிருந்து வெளிவரும் அமிலம் அரிக்கும், கறையும் விடும்.

அலுமினியக் கதவுகளைப் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒன்று: அந்தச் சட்டங்கள் உள்ளே குழாய் மாதிரி வெறுமையானவை. கதவைக் கழற்றி முனையைப் பார்த்தால் இருட்டு, வெதுவெதுப்பு, நாலு பக்கமும் சுவர். கரப்பானுக்கு இதைவிட வசதியான இடம் அமையாது. எவ்வளவு ஜெல் வைத்தும் குறையாத சமையலறைகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தச் சட்டங்களைத்தான். கதவுகளைக் கழற்றி வெயிலில் போட்டுத் தட்டி, முனைகளுக்குக் கடையில் பிளாஸ்டிக் மூடி கிடைத்தால் மாட்டுங்கள். கிடைக்காவிட்டால் எம்-சீல் உருட்டி அடையுங்கள். மூலையில் இரண்டு சட்டம் சேரும் இடம், ஸ்க்ரூ போட்ட துளை, பூட்டுத் துளை எதையும் விட வேண்டாம். டிராயர்களின் அடியில் மடித்துவிட்ட தகர விளிம்பும் இதே வகை.

பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு அலமாரிகளில் பார்க்க வேண்டியது பின்பலகை. பல வீடுகளில் பின்பலகையே இருக்காது. இருந்தாலும் பைப்புக்காகக் கையகலம் வெட்டியிருப்பார்கள். புதிதாகச் செய்யும்போதாவது ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: “அண்ணா, பைப் எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் ஓட்டை போடுங்க, ரம்பத்தால சதுரமா வெட்டாதீங்க.” ஏற்கெனவே வெட்டியிருந்தால், மெல்லிய பிளைவுட் துண்டை இரண்டாகப் பிளந்து, நடுவில் பைப் அளவுக்கு அரைவட்டம் அரைவட்டமாக வெட்டி, இரு பக்கத்திலிருந்தும் சேர்த்து ஸ்க்ரூ போட்டு, பைப்பைச் சுற்றி சிலிக்கான் விடலாம். குழாய் சுவரில் நுழையும் இடத்துக்கு ஃபிளாஞ்ச் என்னும் வட்டத் தகடு உண்டு. அது அழகுக்கானது மட்டுமே. அதைப் பின்னால் தள்ளி, துளையை அடைத்துவிட்டுத்தான் தகட்டை ஒட்ட வேண்டும்.

அலமாரியின் பக்கப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே சந்து கால் அங்குலத்துக்கு மேல் இருந்தால் மரப் பீடிங் அடித்து மூடுவதுதான் நல்லது. பீடிங்கின் இரு ஓரத்திலும் அக்ரிலிக் சீலண்ட் ஒரு கோடு. இதன் மேல் பெயிண்ட் அடிக்கலாம். சிலிக்கான் மேல் பெயிண்ட் நிற்காது. ஈரம் படாத மேல் அலமாரிகளுக்கு அக்ரிலிக்கே போதும். மரத்தில் ஆணித்துளை, சிறு பிளவுகளுக்கு ஆசாரிகள் செய்வது போல ஃபெவிகாலில் மரத்தூளைக் குழைத்து அழுத்தி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேயுங்கள். பலகையின் வெட்டு விளிம்பு மூடாமல் இருந்தால் எட்ஜ் பேண்ட் ஒட்ட வேண்டும். அந்த விளிம்பு வழியாகத்தான் ஈரம் ஏறுகிறது.

சிங்க்குக்குக் கீழே தண்ணீர் குடித்து ஊதிப்போன பார்ட்டிகிள் போர்டை அடைத்துக் காப்பாற்ற முயல வேண்டாம். விரலால் அழுத்தினால் உள்ளே போகும் பலகை, ஆயிரம் சந்து உள்ள பலகை. அந்த ஒரு தட்டை மட்டும் எடுத்துவிட்டு வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்டோ கடப்பாக் கல் துண்டோ போடுங்கள். மைசூர் ரோட்டு டிம்பர் யார்டு லேஅவுட்டில் அளவுக்கு வெட்டியே வாங்கலாம். சிலிக்கான், கன், ரப்பர் வளையம், கீல் போன்றவை எந்தப் பேட்டைக் கடையிலும் கிடைக்கும். எல்லாம் ஒரே தெருவில் வேண்டும் என்றால் எஸ்.பி. ரோடு.

சிலிக்கான் விடும் முறை

டியூபை வாங்கும்போதே தேதியைப் பாருங்கள். காலாவதியான சிலிக்கான் நாள் கணக்கில் காத்தும் இறுகாமல் பிசுபிசுக்கும். சின்னக் கடைகளில் வெயில் படும் ஷெல்ஃபில் கிடப்பதை வாங்க வேண்டாம்.

எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் சிலிக்கான் ஒட்டாது. நம் சமையலறையில் தாளிப்புப் புகை படாத இடமே இல்லை என்பதால் சோப்புத் தண்ணீரால் கழுவி, காய்ந்ததும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். சந்தின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். நாசிலைச் சாய்வாக, சந்தின் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக வெட்டுங்கள். நிறுத்தாமல் ஒரே இழுப்பில் விட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒருமுறை மட்டும் வழித்து, மேலே தோல் கட்டும் முன் டேப்பை உரித்துவிடுங்கள். சிலிக்கான் காற்றின் ஈரத்தை வாங்கி வெளியிலிருந்து உள்ளாக இறுகுவது. ஒரு நாள் முழுக்க அதன் மேல் தண்ணீர் படக்கூடாது. ஆழமான சந்தென்றால் முதலில் ஃபோம் கயிற்றைத் திணித்து, மேலே மட்டும் சிலிக்கான் விடுங்கள். செய்தித்தாளைத் திணிக்க வேண்டாம். காகிதத்தையும் பசையையும் கரப்பான் தின்னும்.

எலி வந்து போகும் துளை என்றால் சிலிக்கானோ ஃபோமோ ஒரே இரவில் கடிபடும். சுண்டெலிக்கு 6 மி.மீ. வழி போதும். அங்கே துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரப்பரை இறுக்கித் திணித்து, அதன் மேல் சிமெண்டோ எம்-சீலோ பூச வேண்டும்.

கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள சந்துக்கு, உள்பக்கம் ஒட்டும் ரப்பர் பட்டை உண்டு. ஆனால் அதற்கு முன் கீலை இறுக்கிப் பாருங்கள். கதவு தொங்குவதுதான் பாதிச் சந்துக்குக் காரணம். துளை பெரிதாகி ஸ்க்ரூ பிடிக்காவிட்டால், தீக்குச்சிகளை ஃபெவிகாலில் நனைத்துத் துளையில் அடித்து, காய்ந்ததும் மீண்டும் முடுக்குங்கள். கதவை இழுத்துப் பிடிக்க ஒரு மேக்னட்.

அடைக்கவே கூடாதவை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். காஸ் சிலிண்டர் இருக்கும் அலமாரியின் கீழ்ப்பகுதியில் காற்றோட்டத் துளைகள் இருக்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். பூச்சிக்குப் பயந்து அந்தத் துளைகளை மூடினால் கசிந்த வாயு உள்ளேயே நிறையும். துளைகள் இல்லை என்றால் புதிதாகப் போட்டு, மெல்லிய ஸ்டீல் வலையைப் பின்னால் அடியுங்கள். கெயில் காஸ் இணைப்பு வாங்கியவர்களுக்குக் குழாயில் வருவது இயற்கை எரிவாயு. அது காற்றைவிட லேசானது, மேலே ஏறும். அந்த வீடுகளில் மேல்பக்கத்து வென்டிலேட்டருக்கு வலை அடிக்கலாமே தவிர, அட்டை வைத்து அடைக்கக்கூடாது. ரப்பர் ட்யூப் பலகையைத் துளைத்துப் போகும் இடத்தை சிலிக்கானால் ஒட்டிவிடாதீர்கள். ட்யூபைச் சோதிக்கவும் மாற்றவும் அது அசைய வேண்டும். அந்தத் துளைக்கு ரப்பர் வளையம் போதும்.

ஸ்விட்ச் போர்டுக்குள் கரப்பான் போவது உண்மை. மெயினை அணைத்துவிட்டு, போர்டு சுவரோடு சேரும் ஓரத்தில் அக்ரிலிக் கோடு விடலாம். உள்ளே எதையும் திணிக்கக்கூடாது, ஸ்பிரே அடிக்கவும் கூடாது.

சுவரிலோ பலகையிலோ மண் குழாய் போன்ற கோடு ஏறினால் அது கரையான். அதன் மேல் பூசி மறைப்பதால் உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். கட்டி முடித்த கட்டடங்களுக்கான கரையான் சிகிச்சைக்கு ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. ஆளை அழைக்கும்போது அதன்படி செய்வீர்களா என்று கேளுங்கள்.

எறும்பு ஏப்ரல் மே மாத முதல் மழையில் வரிசை கட்டும்போது உடனே துடைத்துவிடாமல் அது எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்த்து, அந்த விரிசலைக் குறித்துக்கொண்டு பிறகு அடையுங்கள். ராகி மாவிலும் ரவையிலும் வரும் வண்டு இந்தச் சந்துகளால் வருவதே அல்ல. பெரும்பாலும் கடையிலிருந்தே முட்டையாக வருகிறது. புதிதாக வாங்கிய மாவை நாலு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, இறுக்கமான டப்பாவில் போடுங்கள்.

அடுக்ககமும் வாடகை வீடும்

அடுக்ககத்தில் உங்கள் சமையலறையும் மேல் கீழ் வீட்டுச் சமையலறைகளும் ஒரே டக்ட்டில் குழாய் இறக்குகின்றன. நீங்கள் மட்டும் அடைத்தாலும் பலன் உண்டு. ஆனால் ஒரே டக்ட்டில் இருக்கும் எல்லா வீடுகளும் ஒரே வாரத்தில் ஜெல் வைத்தால் பலன் பல மடங்கு. அசோசியேஷன் கூட்டத்தில் மருந்தடிப்புக்குப் பணம் ஒதுக்கும்போது, டக்ட்டுக்குள் குழாய் நுழையும் துளைகளைப் பூசுவதையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். பால்கனி, யுட்டிலிட்டியில் உள்ள தரை ட்ராப்பில் 50 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும்; அந்தத் தண்ணீர்தான் சாக்கடைப் பூச்சிக்கு நிஜமான கதவு. ஊருக்குப் போய் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் அது வற்றிவிடும். புறப்படும் முன் ட்ராப் நிறையத் தண்ணீர் ஊற்றி, ஜாலியின் மேல் ஒரு டைல்ஸ் துண்டை வைத்துவிட்டுப் போங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் துளை போடும் வேலைக்கு ஓனரிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைக் கழிக்கும் ஊர் இது. சிலிக்கானை பிளேடால் உரித்துவிடலாம். ரப்பர் வளையமும் ரப்பர் பட்டையும் தடயமில்லாமல் வந்துவிடும். காடிக்குள் சிமெண்ட் வைப்பதையும் ஊதிய பலகையை மாற்றுவதையும் செலவோடு ஓனர் செய்து தரக் கேட்பதில் தவறு இல்லை. அவர் வீட்டுச் சுவருக்கும் மரத்துக்கும்தான் அது ஆயுள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒட்டும் அட்டைகளை சிங்க் அடியில் ஒன்று, ஃப்ரிட்ஜ் பின்னால் ஒன்று, மேல் அலமாரியில் ஒன்று என்று தேதி எழுதி வையுங்கள். எந்த அட்டையில் பூச்சி விழுகிறதோ அதைச் சுற்றி மூன்றடிக்குள் விட்டுப்போன சந்து ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். குஞ்சு விழுந்தால் கூடு பக்கத்திலேயே. பெரிய செம்பழுப்புப் பூச்சி விழுந்தால் மறுபடி குழாய்ப் பக்கம் போங்கள், ரப்பர் வளையம் நழுவியிருக்கும்.